டோட்டல் கவுன்ட் 2,900: வெள்ளையணு ஏன் குறைகிறது?

செல்லூரில் இருந்து வந்திருந்த அக்கா, ரிப்போர்ட்டை வாங்கிய இடத்திலேயே நின்றுவிட்டார். பின்னால் நீள வரிசை. மழைக்காலம், காய்ச்சல் சீசன், இரவு ஏழரை மணி. அவர் தாளைத் திருப்பி என் பக்கம் நீட்டி ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

"தம்பி, மத்ததெல்லாம் சாதா எழுத்துல இருக்கு. இது மட்டும் தடிச்சுப் போயி, பக்கத்துல ஒரு அம்புக்குறி கீழ பாத்து நிக்குது. என்னான்டு சொல்லுங்க."

டோட்டல் கவுன்ட், அதாவது வெள்ளையணுவின் மொத்த எண்ணிக்கை, 2,900. பையனுக்கு 19 வயது, நாலு நாளாகக் காய்ச்சல். "பக்கத்து வீட்டு மதினி, ரத்தப் புத்துநோய்க்கும் இப்பிடித்தான் காமிக்கும்டு சொல்றாங்க" என்று சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது.

நான் டாக்டர் இல்லை. மதுரையில் 22 வருடமாக ரத்தம் எடுத்து, எண்ணி, தாளில் அடித்துக் கொடுக்கிறவன். இன்ன நோய் என்று சொல்வது என் வேலையும் இல்லை. ஆனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது, எதனாலெல்லாம் இறங்கும், அதோடு சேர்த்து வேறு எந்த வரிகளைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு அவரிடம் இரண்டு நிமிடத்தில் சொன்னதை இங்கே கொஞ்சம் சாவகாசமாக எழுதுகிறேன்.

58 புள்ளிகள்

கையில் இருந்து எடுக்கும் ரத்தத்தை ஊதா மூடி போட்ட சின்ன டியூபில் விடுவோம். அதற்குள் ஈ.டி.டி.ஏ. என்ற உப்பு தடவியிருக்கும். ரத்தம் உறையாமல் வைத்திருப்பது அதன் வேலை. அந்த ரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு கசகசா விதைப் பருமன், எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் சிவப்பணு 50 லட்சம் அளவுக்கு இருக்கும். பிளேட்லெட் என்கிற தட்டணு ஒன்றரை லட்சத்தில் இருந்து நாலரை லட்சம் வரை. வெள்ளையணு வெறும் 4,000 முதல் 11,000. ஊரே சிவப்பணுதான்; வெள்ளையணு அதற்குள் நிற்கும் காவல்காரர்கள். இந்த எல்லைக்கோடு லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். ஒருவர் 4,500 என்று போடுவார், இன்னொருவர் 3,500 என்று போடுவார். அதனால் 3,900 என்று வந்ததற்கெல்லாம் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை.

இப்போது மெஷின் ஒரு நிமிடத்தில் எண்ணிவிடுகிறது. லேப் டெக்னீஷியன் வேலைக்கான டி.எம்.எல்.டி. நான் படித்த காலத்தில் கையால்தான் எண்ணுவோம். ரத்தத்தை 20 மடங்கு நீர்த்து, அசிட்டிக் ஆசிட் கலந்த திரவத்தில் சிவப்பணுவையெல்லாம் கரைத்துவிட்டு, கோடு கிழித்த கண்ணாடிச் சில்லில் விட்டு, நாலு மூலைக் கட்டங்களிலும் தெரிகிற வெள்ளையணுவை ஒவ்வொன்றாக எண்ணி 50-ஆல் பெருக்க வேண்டும். செல்லூர் அக்கா மகனின் ரத்தத்தை அப்படி எண்ணியிருந்தால் மொத்தம் 58 புள்ளி தெரிந்திருக்கும். அவ்வளவுதான் அந்தத் தடித்த எழுத்து.

ஆனால் அந்த 58-ம் ஒரே சாதி இல்லை. வெள்ளையணுவில் ஐந்து வகை. பாதிக்கு மேல் நியூட்ரோஃபில். பாக்டீரியா எங்கே நுழைந்தாலும் முதலில் ஓடிப்போய் விழுங்குவது இதுதான். புண்ணில் வரும் சீழ் என்பதே பெரும்பாலும் செத்த நியூட்ரோஃபில்தான். அடுத்தது லிம்ஃபோசைட், வைரஸ் வேலையும், பழைய எதிரியை ஞாபகம் வைத்திருக்கும் வேலையும் இதனுடையது. மோனோசைட், இயோசினோஃபில், பேசோஃபில் மூன்றும் சிறுபான்மை. ரிப்போர்ட்டில் டோட்டல் கவுன்ட்டுக்குக் கீழே டி.சி. என்று சதவீதம் போட்டிருப்போமே, அது இந்தப் பங்கீடுதான்.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. டோட்டல் கவுன்ட்டை நியூட்ரோஃபில் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுங்கள். அந்தப் பையனுக்கு 2,900, நியூட்ரோஃபில் 38 சதவீதம். கணக்குப் போட்டால் 1,102. டாக்டர்கள் உண்மையில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். 1,500-க்குக் கீழே போனால் நியூட்ரோஃபில் குறைவு என்று பெயர். 1,000 வரை லேசானது, 500 வரை நடுத்தரம், 500-க்குக் கீழே ஆபத்து. ஒருவருக்கு டோட்டல் கவுன்ட் 3,200 இருந்தும் நியூட்ரோஃபில் 2,000-க்கு மேல் இருக்கலாம், நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். இன்னொருவருக்கு டோட்டல் 4,100 என்று ஒழுங்காகத் தெரிந்தும் நியூட்ரோஃபில் 400 இருக்கலாம். மேல் வரியை மட்டும் பார்த்து அழுவதும் தவறு, சிரிப்பதும் தவறு.

வரத்தா, செலவா, பதுக்கலா?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு ஒரு நாள் விடிகாலையில் போனவர்களுக்கு இது சீக்கிரம் விளங்கும். கூடையில் மல்லி குறைவாக இருக்கிறது என்றால் காரணம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மார்கழிப் பனியில் செடி மொட்டே வைக்காமல் இருந்திருக்கலாம், வரத்து இல்லை. வரத்து நன்றாக இருந்தும் முகூர்த்த நாளாக இருந்து வந்ததெல்லாம் விற்றுத் தீர்ந்திருக்கலாம். பூ இருக்கிறது, ஆனால் யாரோ உள்ளே ஒதுக்கி வைத்திருக்கலாம். அல்லது பூவெல்லாம் இருக்கிறது, எடை போட்டவர் தப்பாகப் போட்டிருக்கலாம்.

வெள்ளையணுவுக்கும் இந்த நாலுதான். செடி இருக்கும் இடம் எலும்பு மஜ்ஜை. இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முதுகெலும்பு இவற்றின் உள்ளே இருக்கும் சிவந்த கூழ். அங்கே ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில் உற்பத்தியாகிறது. இவ்வளவு எதற்கு என்றால், ரத்தத்தில் அதன் வாழ்வு சில மணி நேரம்தான். சிவப்பணு 120 நாள் ஓடும். நியூட்ரோஃபில் மல்லிகை மாதிரி, அன்றன்றைக்கு வந்தாக வேண்டும். மஜ்ஜையில் ஒரு வாரம் உற்பத்தி நின்றால் சிவப்பணுவில் பெரிதாகத் தெரியாது, நியூட்ரோஃபிலில் காலியாகிவிடும். எதற்கெடுத்தாலும் இந்த எண் முதலில் ஆடுவது இதனால்தான்.

காய்ச்சல் காலத்துக் குறைவு

எங்கள் ஜன்னலில் வரும் குறைந்த கவுன்ட்டுகளில் மிகப் பெரும்பாலானவை வைரஸ் காய்ச்சல்தான். ஃப்ளூ, அம்மை, மஞ்சள் காமாலை வைரஸ்கள், எல்லாம் சில நாளுக்கு மஜ்ஜையை மந்தமாக்கும். கொரோனாவில் லிம்ஃபோசைட் இறங்கியதைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கே பழகிப்போனது. காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு வாரத்தில் கவுன்ட் தானாக ஏறிவிடும். குழந்தைகளுக்குச் சில சமயம் இன்னும் கொஞ்சம் நாள் பிடிக்கும்.

இதில் தனியாகப் பேச வேண்டியது டெங்கு. மாநகராட்சித் தண்ணீர் வரும் நாளில் குடம், டிரம், சிமெண்ட் தொட்டி எல்லாவற்றிலும் பிடித்து நிரப்பி வைக்கிற ஊர் நம்முடையது. ஏடிஸ் கொசுவுக்கு அந்த நல்ல தண்ணீர்தான் தொட்டில். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் சேர்ந்துகொள்ளும். டெங்குவில் பெரும்பாலும் பிளேட்லெட் சரிவதற்கு முன்பே வெள்ளையணு இறங்க ஆரம்பித்துவிடும். அதனால் மூன்றாம் நாள் காய்ச்சலில் கவுன்ட் 3,000, பிளேட்லெட் இன்னும் ஒன்றரை லட்சம் என்று வந்தால், அனுபவப்பட்ட டாக்டர் அதை நல்ல ரிப்போர்ட் என்று மடித்து வைக்க மாட்டார். நாளைக்கு மறுபடி எடுத்துவரச் சொல்வார்.

டெங்குவில் வெள்ளையணு குறைவது ஒரு அடையாளம், அதுவே ஆபத்து இல்லை. ஆபத்து, ரத்தக் குழாயில் இருந்து நீர் கசிவதில். அதுவும் காய்ச்சல் விடுகிற சமயத்தில்தான் வரும். சனங்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். "காய்ச்சல் விட்ருச்சு"ன்டு கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். விடாத வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிட்டுச் சுருண்டு படுப்பது, இதில் எது தெரிந்தாலும் ரிப்போர்ட் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். புரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் வேண்டாம். பப்பாளி இலைச் சாறு பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில்: அது கையில் இருக்கிற தைரியத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போட்ட இரண்டு பேரையாவது எனக்குத் தெரியும். கஞ்சி, இளநீர், ஓ.ஆர்.எஸ். கொடுங்கள்.

பாக்டீரியா தொற்று வந்தால் கவுன்ட் பொதுவாக ஏறும். 15,000, 20,000 என்று போகும். இதற்கு மாறாக நடப்பது டைஃபாய்டு. ஒரு வாரமாகக் காய்ச்சல் படிப்படியாக ஏறுகிறது, வயிறு சரியில்லை, நாக்கில் வெள்ளை படிந்திருக்கிறது, ஆனால் கவுன்ட் 3,500. அந்தக் கிருமி மஜ்ஜைக்குள்ளேயே போய்க் குடியிருக்கும். அதற்கு விடால் என்று ஒரு டெஸ்ட்டை எல்லோரும் கேட்டு வாங்குகிறார்கள். செய்கிறவனாகச் சொல்கிறேன், அது பழைய தொற்றுக்கும் பாசிட்டிவ் காட்டும், வேறு காய்ச்சலுக்கும் காட்டும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் ரத்தம் எடுத்து, அதில் கிருமி வளருகிறதா என்று பார்க்கிற கல்ச்சர்தான் உருப்படியானது. காசும் நாளும் கூடப் பிடிக்கும் என்பதால் யாரும் விரும்புவதில்லை.

முதியவர்கள், பிறந்த குழந்தைகள் விஷயத்தில் சில சமயம் கதை தலைகீழாகும். கடுமையான தொற்றில் இருக்கும் ஒரு தாத்தாவுக்குக் கவுன்ட் 20,000-ல் இருந்து 2,000-க்கு இறங்கினால் அது குணமாவது அல்ல. வரத்தைவிடச் செலவு கூடிவிட்டது என்று அர்த்தம். அந்த ரிப்போர்ட்டை நாங்கள் ஜன்னலில் கொடுக்க மாட்டோம், டாக்டருக்கு நேரே போன் போகும்.

மாதக்கணக்கில் குறைந்தே இருந்தால் காசநோய், எச்.ஐ.வி., கல்லீரல் வைரஸ்கள் இவற்றையும் பார்ப்பார்கள். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. இலவசம், விவரம் வெளியே போகாது. கேட்கக் கூச்சப்பட்டு வருடக்கணக்கில் டானிக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

என் அத்தையின் மாத்திரை

உசிலம்பட்டிப் பக்கம் என் அத்தை ஒருத்தர். விரல் மூட்டெல்லாம் வீங்கும் முடக்குவாதம். டாக்டர் மெத்தோட்ரெக்ஸேட் எழுதியிருந்தார். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போட வேண்டிய மாத்திரை. அட்டை தீர்ந்து புது அட்டை வாங்கிய கடையில், கவரில் காலை ஒன்று என்று கிறுக்கிக் கொடுத்துவிட்டார்கள். அத்தை எட்டு நாள் தினமும் போட்டிருக்கிறார். ஒன்பதாம் நாள் வாய் முழுக்கப் புண், ரசம் சோறுகூட இறங்கவில்லை. அதற்கும் சூட்டுப் புண்ணுன்டு வெந்தயத்தை ஊறவைத்துத் தின்றிருக்கிறார். காய்ச்சல் வந்த பிறகுதான் எனக்குச் செய்தி வந்தது. ரத்தத்தை எடுத்து நானே ஸ்லைடு போட்டேன். டோட்டல் கவுன்ட் 1,100. மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வைக்கு ஏழெட்டு வெள்ளையணு தெரிய வேண்டிய இடத்தில் ஸ்லைடை நகர்த்திக்கொண்டே போகிறேன், சிவப்பணு, சிவப்பணு, வெறும் சிவப்பணு. எப்போதாவது ஒரு லிம்ஃபோசைட். நியூட்ரோஃபிலைக் காணவே இல்லை.

ஃபோலினிக் ஆசிட் ஊசி, ஆன்டிபயாடிக், தனி அறை என்று பன்னிரண்டு நாள். பிழைத்துக்கொண்டார். இப்போது காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளைச் சிவப்பு மையால் சுழித்து வைத்திருக்கிறார். ஒரு வருடத்துக்கு முன்பே அந்தச் சுழியை நான் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

மருந்துகள் வெள்ளையணுவைக் குறைப்பது அபூர்வம் இல்லை. தைராய்டு அதிகம் சுரப்பவர்களுக்குக் கொடுக்கும் கார்பிமசோல், ஆயிரத்தில் சிலருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள், நியூட்ரோஃபிலை அடியோடு துடைத்துவிடும். அந்த மாத்திரை போடுகிறவருக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே கவுன்ட் பார்க்க வேண்டும். இதை எழுதிக் கொடுக்கும்போதே டாக்டர்கள் சொல்வார்கள்; கேட்டவர் வீட்டுக்கு வருவதற்குள் மறந்துவிடுவார். வலிப்புக்கான கார்பமசெபின், மனநோய்க்கான குளோசபின், தொழுநோய்க்கான டாப்சோன், சல்ஃபா வகை ஆன்டிபயாடிக், மாற்று உறுப்புப் பொருத்தியவர்களின் அசத்தியோபிரின் என்று பட்டியல் நீளும். குளோசபின் போடுகிறவர்களுக்கு ஆரம்பத்தில் வாரா வாரம் கவுன்ட் பார்ப்பது இதற்குத்தான். பயந்து நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்துவது இதைவிட மோசமானது. டாக்டரிடம் போகும்போது எல்லா அட்டையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுபோங்கள். கடையில் பெயர் தெரியாமல் வாங்கின செட் மாத்திரை, லேகியம், பொடி உட்பட.

புற்றுநோய்க்கான கீமோதெரபியில் கவுன்ட் இறங்குவது எதிர்பார்த்ததுதான். பெரும்பாலான மருந்துகளில் ஊசி போட்ட ஏழாம் நாளுக்கும் பதினாலாம் நாளுக்கும் இடையில் அடிமட்டத்துக்குப் போய், மூன்றாம் வாரத்தில் ஏறும். பரவும் செல்லைக் கொல்லும் மருந்துக்கு, வேகமாகப் பெருகுகிற மஜ்ஜைச் செல்லும் பகையாகத்தான் தெரியும். மஜ்ஜையை முடுக்க ஜி.சி.எஸ்.எஃப். என்ற ஊசியும் உண்டு.

செடிக்கு உரம் இல்லையென்றால்

ஒரு செல் இரண்டாகப் பிரிய டி.என்.ஏ.வை நகல் எடுக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் ஆசிட்டும் வைட்டமின் பி12-ம் இல்லாமல் முடியாது. இவை குறைந்தால் மஜ்ஜையில் செல்கள் பருக்கின்றனவே தவிர ஒழுங்காகப் பிரிவதில்லை. சிவப்பணு பெரிதாக, எண்ணிக்கையில் குறைவாக வரும், ரிப்போர்ட்டில் சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் காட்டும் எம்.சி.வி. என்ற வரி 100-ஐத் தாண்டும். வெள்ளையணுவும் பிளேட்லெட்டும் கூடவே இறங்கும். ஸ்லைடில் எனக்கு மிகப் பிடித்த காட்சி இது. நியூட்ரோஃபிலின் உட்கரு மூன்று நாலு துண்டாக நூல் கோத்த மாதிரி இருக்கும். பி12 குறைந்தவருக்கு ஐந்து, ஆறு, ஏழு துண்டு. டாக்டர் சீட்டில் பி12 எழுதாமல் இருந்தாலும் அதைப் பார்த்ததும் குறிப்பு எழுதிவிடுவேன்.

பி12 செடிகொடியில் கிடையாது. பால், முட்டை, மீன், கறி, ஈரல் இவற்றில்தான். பாலும் அளவாகக் குடிக்கிற சைவக்காரர்கள், பல வருடமாக மெட்ஃபார்மின் போடும் சர்க்கரை நோயாளிகள், குடல் ஆபரேஷன் ஆனவர்கள், வயதானவர்கள், இவர்களுக்குக் குறையும். கறிதோசைக்கு வரிசையில் நிற்கிற ஊரில் பி12 குறைவா என்று ஒருவர் சிரித்தார். அவர் ரத்தத்திலேயே குறைவாக இருந்தது. வயிறு அதை உறிஞ்சவில்லை. நாக்கு வழுவழுவென்று சிவப்பது, பாதம் மதமதப்பது, ஞாபகம் தப்புவது எல்லாம் சேர்ந்து வரும். ஊசியோ மாத்திரையோ போட்டால் கவுன்ட் திரும்பிவிடும். வெள்ளையணுக் குறைவில் மருந்தால் சுலபமாகச் சரியாகும் காரணங்களில் இது ஒன்று. ஆனால் பி12 பார்க்காமல் ஃபோலிக் ஆசிட் மட்டும் போடக் கூடாது. ரத்தம் தேறிவிட்ட மாதிரி தெரியும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

இந்த இடத்தில் ஒருவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. எல்லப்பிரகத சுப்பாராவ், 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அமெரிக்காவில் லெடர்லி நிறுவனத்தில் அவர் தலைமையில் இருந்த குழு 1945-ல் ஃபோலிக் ஆசிட்டை ஆய்வகத்தில் உருவாக்கியது. அதே குழு, ஃபோலிக் ஆசிட் போலவே வேஷம் போட்டுச் செல்லை ஏமாற்றி அதன் பெருக்கத்தை நிறுத்தும் மருந்துகளையும் செய்தது. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினைக் கொடுத்துத்தான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு முதன்முதலாகத் தற்காலிகக் குணம் காட்டி 1948-ல் வெளியிட்டார். அதன் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட். என் அத்தையின் விரலை நீட்ட வைத்ததும் அதுதான், தினமும் போட்டபோது மஜ்ஜையை வறள வைத்ததும் அதுதான். அவரைக் காப்பாற்றிய ஃபோலினிக் ஆசிட், ஃபோலிக் ஆசிட்டின் இன்னொரு உருவம். சுப்பாராவ் அதே 1948-ல் இறந்துபோனார்.

ஊட்டத்தோடு சேர்த்து மதுவையும் சொல்ல வேண்டும். தினமும் குடிப்பது மஜ்ஜையை நேரே அடக்கும், ஃபோலிக் ஆசிட்டையும் குறைக்கும், கல்லீரலையும் கெடுக்கும். கல்லீரல் சுருங்கினால் மண்ணீரல் வீங்கும். வீங்கின மண்ணீரல்தான் மார்க்கெட்டில் பூவைப் பதுக்குகிற ஆள். வெள்ளையணு, பிளேட்லெட் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். மஜ்ஜை ஒழுங்காக வேலை பார்த்தும் ரிப்போர்ட்டில் எண் குறையும். வயிற்று ஸ்கேனில் இது தெரிந்துவிடும்.

மிச்சக் காரணங்கள்

உடலே தன் செல்லைத் தாக்குவது ஒன்று. லூபஸ் இதில் முக்கியம். பெரும்பாலும் இளம்பெண்கள், மூட்டுவலி, கன்னத்தில் சிவந்த தடிப்பு, வாய்ப்புண், முடி கொட்டுவது, கூடவே லிம்ஃபோசைட் குறைவு. கல்யாணத்துக்கு அலையும் வீட்டில் முடி கொட்டுவதற்கு எண்ணெய் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

செல்லூர் அக்காவின் மதினி சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ரத்தப் புற்றுநோய் என்றாலே கவுன்ட் லட்சத்தில் ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். சிலருக்குக் குறைந்தும் காட்டும், ஏனென்றால் கெட்ட செல் மஜ்ஜையை அடைத்துக்கொண்டு நல்லதை வளரவிடுவதில்லை. மஜ்ஜையே வற்றிப்போகும் ஏப்ளாஸ்டிக் அனீமியா என்ற நோயும் உண்டு. ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் ஒற்றையாக வராது. ஹீமோகுளோபின், வெள்ளையணு, பிளேட்லெட் மூன்றில் இரண்டோ மூன்றோ சேர்ந்து, வாரக்கணக்கில், திரும்ப ஏறாமல் இறங்கும். ஸ்லைடில் இருக்கக் கூடாத இளஞ்செல் தெரியும். அப்போதுதான் இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்ப்பார்கள். நாலு நாள் காய்ச்சலில் வந்த ஒற்றை 2,900-க்கு அந்த இடத்துக்கு யாரும் போவதில்லை.

சிலருக்குக் குறைவே இயல்பு. நியூட்ரோஃபிலில் ஒரு பங்கு எப்போதும் ரத்தக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும், எண்ணிக்கையில் வராது. பரம்பரையாகவே குறைவாக எண்ணிக்கை காட்டுகிற ஆட்கள் உண்டு. அவர்களுக்கு நோய் அடிக்கடி வருவதில்லை, அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஐந்து வருடத்துக்கு முந்தின ரிப்போர்ட்டிலும் 3,400 இருந்தால் அதைவிட நிம்மதியான தகவல் வேறு கிடையாது.

கடைசியாக எங்கள் பிழை. டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும் அதே கையில், ஊசிக்கு மேலே, ரத்தம் எடுத்துவிடுவார்கள். வருவது பாதி ரத்தம், பாதி சலைன். காலையில் 12 இருந்த ஹீமோகுளோபின் சாயங்காலம் 7, கவுன்ட் பாதி, பிளேட்லெட் பாதி. எல்லாமே ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் முதலில் கையைக் கேட்க வேண்டும். டியூபைக் குலுக்காமல் சின்னக் கட்டி விழுந்தாலும், சாம்பிள் வெயிலில் பைக்கில் ஊர் சுற்றிவிட்டு ராத்திரி வந்து சேர்ந்தாலும் எண் கெடும். ஆளைப் பார்த்தால் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறார், ரிப்போர்ட் 1,800 என்கிறது என்றால், மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நல்ல லேப் கோபித்துக்கொள்ளாது.

எப்போது ஓட வேண்டும்

நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே, காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல். இந்த இரண்டும் சேர்ந்தால் மணிக்கணக்கு, நாள்கணக்கு இல்லை. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பெரியாஸ்பத்திரியோ பக்கத்தில் இருக்கும் எந்த ஆஸ்பத்திரியோ, ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்ப வேண்டும். இதில் ஏமாற்றும் விஷயம், சீழ் வைக்க நியூட்ரோஃபில் இல்லாததால் தொற்று இருக்கும் இடம் சிவக்காது, வீங்காது. தொண்டை பார்க்கச் சாதாரணமாக இருக்கும், காய்ச்சல் மட்டும்தான் ஒரே சாட்சி. கீமோ எடுக்கிறவர்கள் வீட்டில் தெர்மாமீட்டர் இல்லாமல் இருக்கவே கூடாது. வெளிச் சாப்பாடு, ஆறிப்போன சாதம், தெருவோர ஜூஸ் எல்லாவற்றையும் அந்த நாட்களில் தள்ளி வையுங்கள்.

காய்ச்சல் இல்லை, ஆள் திடமாக இருக்கிறார், நியூட்ரோஃபில் 1,000-க்கு மேல், மற்ற வரிகள் ஒழுங்கு என்றால் டாக்டர்கள் பெரும்பாலும் இரண்டு வாரம் விட்டு மறுபடி பார்க்கத்தான் சொல்வார்கள். அதற்குள் கவுன்ட்டை ஏற்றுகிற பழம், கீரை, கஷாயம் என்று தனியாக எதுவும் இல்லை. காரணம் போனால் எண் ஏறும்.

அந்த அக்கா மூன்றாம் நாள் மறுபடி வந்தார். டாக்டர் டெங்கு என்று சொல்லி, தினமும் ரத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் இப்போது கூடவே நடந்து வந்திருந்தான், கையில் இளநீர்க் கூடு. முந்தின நாளே காய்ச்சல் விட்டிருந்தது. டோட்டல் கவுன்ட் 4,600. பிளேட்லெட் மட்டும் 84,000. அக்காவின் விரல் இந்தத் தடவை அடுத்த வரிக்குத் தாவியது.

"அது ஏறிருச்சு, சரி. இப்ப இது தடிச்சுப்போச்சே தம்பி?"

"வெள்ளையணுதான்க்கா மொதல்ல திரும்பும். பிளேட்லெட் ஏற இன்னும் ரெண்டு மூணு நாள் பிடிக்கும். டாக்டர்கிட்டக் காட்டுங்க."

"அப்ப நாளைக்கும் அம்பு கீழதான் பாக்குமா?"

"பாக்கலாம்க்கா. அந்த ஒரு வரில மட்டும்."